ஒத்தக்கண் ஆட்டுக்குட்டியும் எங்க பெரியம்மாவும்

கம்மாபுரத்துல நான் ஆறாவது படிச்சிட்டிருந்தப்ப, 1986 வாக்குல, எங்க பெரியம்மா வீட்டு வெள்ளாடு ஒத்தக்கண்ணோட ஒரு குட்டி போட்டுச்சு. நெத்திக்கு நடுவுல ஒரே ஒரு கண்ணு. மூக்கு இருக்க வேண்டிய இடம் மொழுக்குன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம்கூட உயிரோட இல்ல. ஆனா செத்த குட்டியைப் பாக்க சாயங்காலம் வரைக்கும் ஜனம் வந்துட்டே இருந்துச்சு. ஒருத்தர் கிரகணம்னாரு. ஒருத்தர் மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டதைச் செய்யலைன்னாரு. சின்ன வயசுலயே தாலியறுத்த பொம்பளை வீட்டுல வேற என்ன பொறக்கும்னு ஒரு பெரிய மனுஷன் சத்தமாவே சொன்னாரு. பெரியம்மா திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வாரமே அந்த ஆட்டைப் பாதி விலைக்கு வித்துட்டாங்க. (ஆடு என்னங்க பண்ணும், பாவம்.)

அப்படியே 2009க்கு வாங்க. பெரியம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி. யார்கிட்டயும் சொல்லல. பதினாலு மாசம்! ஜாக்கெட்டுல கறை இருந்ததைத் துணி துவைக்கும்போது அக்கா பாத்துட்டு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித்தான் விஷயம் வெளியில வந்துச்சு. புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அதுக்குள்ள எலும்புக்குப் பரவியிருந்துச்சு. ஏன் பெரியம்மா சொல்லலன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "அந்தக் குட்டி பொறந்தப்பவே சொன்னாங்கல்லடா, இந்த வூட்டுல ஏதோ இருக்குன்னு. அதான் இது."

இருபத்தி மூணு வருஷம் ஒரு செத்த ஆட்டுக்குட்டியை மனசுல சுமந்துட்டு இருந்திருக்காங்க. 2013ல போய்ச் சேந்துட்டாங்க.

இந்தக் கதையை இப்ப ஏன் எழுதறேன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் சொல்ல வந்தது இதுதான். ஒத்தக்கண் குட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் பெரியம்மா போட்ட முடிச்சு முழுசும் தப்பு கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல நெசமாவே ஒரு சொந்தம் இருக்கு. ஆனா அந்தச் சொந்தத்துக்குப் பேரு சாபம் இல்ல. செல்லுக்கு செல் சொல்லிக்கிற சேதி.

கொஞ்சம் விளக்கறேன், பொறுமையா படிங்க. நான் டாக்டர் இல்ல, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன். தப்பு இருந்தா திருத்துங்க.

நம்ம எல்லாரும் ஒரே ஒரு செல்லாத்தான் ஆரம்பிச்சோம். அது ரெண்டாகி, நாலாகி, கோடிக்கணக்குல பெருகுது. அதுல எது கண்ணாகணும், எது காலாகணும்னு யாரு சொல்றது? உள்ளே மேஸ்திரி யாரும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துல இருக்கற செல்லுங்களே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்குதுங்க. ஒரு செல் ஒரு புரதத்தை வெளியில விடும். அடுத்த செல்லோட தோல்மேல அதைப் பிடிக்க ஒரு காது மாதிரி இருக்கும். பிடிச்ச உடனே உள்ளே ஒண்ணு ஒண்ணைத் தட்டி, அது இன்னொண்ணைத் தட்டி, கடைசியில கருவுக்குள்ள ஒரு மரபணு முழிச்சுக்கும், இல்ல தூங்கிடும். அவ்ளோதான் சங்கதி.

இதுல அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல ரேடியோ கட்டுவாங்கல்ல? (எங்க ஊர்ல குழாய் ஸ்பீக்கருக்கு ரேடியோன்னுதான் பேரு.) கண்ண மூடிக்கிட்டு நின்னாகூட சத்தத்தோட அளவை வெச்சே கோயில் எவ்ளோ தூரம்னு சொல்லிடலாம். கருவுல இருக்கற செல்லும் அதையேதான் பண்ணுது. கை முளைக்கும்போது சுண்டுவிரல் பக்கத்துல இருந்து ஒரு சேதி கிளம்பும். அது பலமா கேக்கற இடத்துல சுண்டுவிரல். தூரமா போகப் போக மத்த விரலுங்க. சேதியே எட்டாத ஓரத்துல கட்டைவிரல்.

அந்தச் சேதிக்குப் பேரு சோனிக் ஹெட்ஜ்ஹாக். சிரிக்காதீங்க, நெசமாவே வீடியோ கேம்ல ஓடுற அந்த நீலக் கலரு முள்ளெலியோட பேருதான். 1980ல ஜெர்மனியில நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் பழ ஈயோட புழுக்கள்ல ஆராய்ச்சி பண்ணப்போ, ஒரு மரபணு கெட்டா புழு உடம்பெல்லாம் முள்ளா ஆகிடறதைப் பாத்து முள்ளெலின்னு பேரு வெச்சாங்க. (அந்த ஆராய்ச்சிக்கு 1995ல நோபல் கெடைச்சது.) முதுகெலும்பு உள்ள பிராணிகள்லயும் அதோட உறவுக்கார மரபணு இருக்குன்னு 1993ல தெரிஞ்சப்போ, அமெரிக்காவுல ஒரு இளம் விஞ்ஞானி ஒண்ணுக்கு சோனிக்னு பேரு வெச்சுட்டாரு. இந்தப் பேரை வெச்சுக்கிட்டு, குறையோட பொறந்த குழந்தையோட அப்பா அம்மாகிட்ட எப்படி விளக்கறதுன்னு டாக்டருங்க பிற்பாடு சங்கடப்பட்டாங்களாம். நியாயம்தானே.

இப்ப நம்ம ஆட்டுக்குட்டிக்கு வருவோம். கருவுல நம்ம எல்லாருக்குமே கண்ணுக்கான இடம் முதல்ல நடுவுல ஒண்ணாத்தான் இருக்கும். எனக்கு, உங்களுக்கு, எல்லாருக்கும்! அதுக்குக் கீழேருந்து இந்த சோனிக் சேதி வந்து, "நடுவுல விடு, ரெண்டு பக்கமா ஒதுங்கு"ன்னு சொன்னாத்தான் அது ரெண்டாப் பிரியும். சேதி வரலன்னா ஒத்தக்கண்ணு. 1996ல சுண்டெலியில அந்த மரபணுவை எடுத்துப் பாத்தாங்க. பெரியம்மா வீட்டுத் திண்ணையில நான் பாத்த அதே முகம்.

இதைவிடப் பெரிய கதை அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல நடந்துச்சு. 1957ல அங்க செம்மறி ஆடு மேய்க்கறவங்க, குட்டிங்க ஒத்தக்கண்ணோட பொறக்குதுன்னு அரசாங்கத்துக்கிட்ட போய்ச் சொன்னாங்க. அங்க யாரும் தாலியறுத்த பொம்பளையைத் தேடல. விவசாயத் துறைக்காரங்க ஆளை அனுப்பினாங்க. ஆடுங்க கூடவே மலையில கெடந்து, வருஷக்கணக்கா மெனக்கெட்டு, ஒரு காட்டுச் செடியைப் பிடிச்சாங்க. சினையாகி சரியா 14ஆம் நாள் வாக்குல தாயாடு அதைத் தின்னா குட்டிக்கு ஒத்தக்கண்ணு. செடியில இருந்த சரக்குக்கு சைக்ளோபமைன்னு பேரு வெச்சாங்க. அது என்ன பண்ணுதுன்னு 1998 வரைக்கும் தெரியல. சோனிக் சேதி கேக்கவிடாம செல்லோட காதை அடைச்சிடுதுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

இங்கதான் புற்று வருது. தோல்ல வர்ற ஒரு வகைப் புற்று, பேசல் செல் கார்சினோமா. வெள்ளைக்காரங்களுக்கு நெறைய வரும், நமக்குக் கம்மி. அதுல இந்த முள்ளெலி சேதி நிக்காம ஓடிட்டே இருக்கும். சேதியை அடக்கி வைக்கிற பிரேக்கு ஒண்ணு உண்டு. அந்த பிரேக்கு உடைஞ்சிருக்கும். வயத்துக்குள்ள இருக்கும்போது "வளரு, வளரு"ன்னு கேட்ட குரலு, ஐம்பது அறுபது வயசுல யாரும் சொல்லாமலே திரும்பக் கேக்குது. செல்லும் கேட்டுட்டு வளருது. அப்ப காதை அடைச்சா? அந்தச் செடிச் சரக்கு காட்டின வழியில போய், அதே காதை அடைக்கிற விஸ்மோடெகிப்னு ஒரு மருந்து செஞ்சாங்க. 2012 ஜனவரியில அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கெடைச்சுது. கர்ப்பிணிங்க அதைத் தொடவே கூடாதுன்னு பெட்டியில பெருசா எச்சரிக்கை போட்டிருப்பாங்க. ஏன்னு இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆக, ஒத்தக்கண்ணு ஆட்டுக்குட்டி காட்டின வழியில ஒரு புற்றுக்கு மருந்து வந்துச்சு. பெரியம்மா போட்ட முடிச்சு இதுதான். அவங்களுக்கு முடிச்சு மட்டும் தெரிஞ்சது, நூலு எதுன்னு தெரியல.

இன்னொரு வேடிக்கை பாருங்க. கட்டைவிரல் பக்கம் ஆறாவது விரலோட பொறக்கறாங்கல்ல, அவங்கள்ல சிலருக்குக் காரணம் இதே சோனிக் சேதிதான். கேக்கக் கூடாத ஓரத்துல கேட்டுடுது, ஒரு விரல் கூடுதலா முளைச்சிடுது. நம்ம ஊர்ல ஆறு விரலு அதிர்ஷ்டம். ஒத்தக்கண்ணு சாபம். சேதி ஒண்ணுதான், தீர்ப்பு மட்டும் நம்மளுது!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைதானான்னு கேப்பீங்க. டெல்லிக்குப் போவோம். பண்ருட்டிப் பலாப்பழத்தை அறுத்து வெச்சா அரை மணி நேரத்துல பொடிப் பொடியா ஈ மொய்க்குமே, அந்த ஜாதிதான் பழ ஈ. டெல்லி பூசாவுல இருக்கற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கோதுமைக்குப் பேரு போனது. நம்ம கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் 1966லேருந்து 1972 வரைக்கும் இயக்குநரா இருந்த இடம். அங்க ஆர்.பி. ஷர்மான்னு ஒருத்தர், றெக்கை இல்லாத ஒரு பழ ஈ வகையைக் கண்டுபிடிச்சு 1973ல ஒரு சின்னக் குறிப்பு எழுதினாரு. 'விங்லெஸ்'னு பேரு வெச்சாரு. 1976ல வி.எல். சோப்ராவோட சேந்து விரிவான கட்டுரை வந்துச்சு. ஈக்கு றெக்கை இல்லன்னா நாட்டுக்கு என்னய்யா நஷ்டம், இதுக்கு நம்ம வரிப்பணமான்னு அன்னிக்கு டீக்கடையில கேட்டிருந்தா நானும் ஆமாம்னுதான் சொல்லியிருப்பேன்.

1982ல அமெரிக்காவுல ரோல் நூஸே, ஹரால்ட் வார்மஸ்னு ரெண்டு பேரு சுண்டெலிக்கு மார்புப் புற்று எப்படி வருதுன்னு தேடி ஒரு மரபணுவைப் பிடிச்சாங்க. இண்ட்-1னு பேரு வெச்சாங்க. 1987ல பாத்தா, அதுவும் டெல்லி ஈயோட விங்லெஸ்ஸும் ஒரே மரபணு! ஈயில றெக்கையைக் கட்டறது எதுவோ, அதுவே எலியில கட்டியைக் கட்டுது. ரெண்டு பேரையும் ஒட்டவெச்சு 'விண்ட்'னு ஆக்கினாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க எத்தனையோ ஆராய்ச்சிக்கூடத்துல தினம் உச்சரிக்கிற அந்தப் பேருல பாதி டெல்லியில வெச்சது. எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பசங்க பாடப் புத்தகத்துல நான் பாத்ததில்ல.

ஒண்ணை நேர்மையாச் சொல்லிடணும். மனுஷங்க மார்புப் புற்றுல விண்ட் முதல் குற்றவாளி இல்ல. அது பெருங்குடல்லதான் பெருசா ஆட்டம் போடுது. பெருங்குடல் புற்றுல 100க்கு 80ல், விண்ட் சேதியை அடக்கற ஏபிசிங்கற பிரேக்கு கெட்டுப் போயிருக்கும். அந்த மரபணுவை 1991ல கண்டுபிடிச்சாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கச்சி செத்தது மலக்குடல் புற்றுலதான். அந்தச் சாவுதான் அவங்களைத் தூண்டி, 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோட திறந்துச்சு. எங்க வீட்டுல மாதிரி "அந்த வியாதி"ன்னு முணுமுணுத்து மூடி வெச்சிருந்தா இன்னிக்கு அடையாறு இல்ல.

பெரியம்மாவோட கட்டிக்குக் காரணமான சேதி வேற. ரிப்போர்ட்டுல 'ஈஆர் பாசிடிவ்'னு போட்டிருந்துச்சு. எனக்கு அப்ப அர்த்தம் தெரியாது. வயசுக்கு வர்றப்ப பொண்ணுங்க உடம்புக்கு "மார்பு வளரட்டும்"னு சேதி சொல்றது ஈஸ்ட்ரோஜன். அதைக் கேக்கற காது அந்தக் கட்டியில இருக்குன்னு அர்த்தம். பன்னெண்டு பதிமூணு வயசுல ஒரு பொண்ணைப் பெரிய மனுஷியாக்கின அதே சேதி. அதுக்கு டமாக்ஸிஃபென்னு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. அந்தக் காதுல போய் உக்காந்துக்கிட்டு ஈஸ்ட்ரோஜனை உள்ளே விடாது. 1960கள்ல இங்கிலாந்துல கரு உண்டாகாம இருக்கறதுக்காகச் செஞ்ச மருந்து அது. அந்த வேலைக்கு ஆகல, புற்றுக்கு ஆச்சு. விலையும் கம்மி. கட்டி சின்னதா இருந்தப்பவே வெட்டி எடுத்துட்டு அந்த மாத்திரையைப் போட்டிருந்தா... சரி விடுங்க.

பரவறதும் இதே கதைதான். கருவுல முதுகுப் பக்கத்துல இருந்து ஒரு கூட்டம் செல்லு பெட்டி படுக்கையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பி, தோலுக்குப் போய் நிறம் கொடுக்கும், முகத்துக்குப் போய் எலும்பாகும். அந்த நடைப்பயணம் முடிஞ்சதும் செல்லுக்கு நடக்கற புத்தி போயிடும். புற்று செல்லு அந்தப் பழைய புத்தியைத் தேடி எடுத்துக்குது. விரலுக்கு நடுவுல இருந்த சவ்வு "செத்துப் போ"ங்கற சேதி கேட்டு செத்ததாலதான் நமக்கு விரலு தனித்தனியா இருக்கு. அந்தச் சேதியைக் கேக்க மாட்டேங்கற செல்லுதான் புற்று. அது எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிட்ட பேயில்ல. நம்மளைக் கட்டின கொத்தனாரே கட்டடம் முடிஞ்சப்புறமும் போகாம செங்கல்லை அடுக்கிட்டே இருக்கான், அவ்ளோதான்.

சாபம்னா பரிகாரம்தான் பண்ண முடியும். சேதின்னா நிறுத்தலாம். ரத்தப் புற்றுல ஒரு வகையில 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாத்திக்கும்னு ஜேனட் ரௌலி சொன்னதும் அதே 1973லதான். அதனால மணியடிச்சுக்கிட்டே இருக்கற ஒரு புரதம் உண்டாகுது. அதை நிறுத்த வந்த இமாடினிப் 2001ல அமெரிக்காவுல வந்தப்போ, கிளிவெக்ங்கற பேருல நம்ம ஊர்ல மாசத்துக்கு 1,20,000 ரூபாய் வாக்குல ஆச்சு. அதையே இங்கத்திக் கம்பெனிங்க 10,000 ரூபாய்க்கும் கீழே தந்தாங்க. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006ல நோவார்டிஸுக்கு இல்லன்னுச்சு, 2007ல சென்னை உயர் நீதிமன்றம் அவங்க வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு, 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றமும் கைவிரிச்சுது. ஈ றெக்கையில ஆரம்பிச்ச சமாச்சாரம் எங்க வந்து நிக்குது பாருங்க, மாசச் சம்பளக்காரன் பாக்கெட்டுல.

சக பதிவர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். "ஊழல் எனும் புற்றுநோய்", "சாதி எனும் புற்றுநோய்"னு எழுதறதை விட்டுடலாமே? நானும் எழுதியிருக்கேன், நாலஞ்சு பதிவுல இருக்கும். கேவலமான எதைச் சொல்லணும்னாலும் இந்த வியாதி பேரை எடுத்துக்கறோம். அதைப் படிக்கிற ஒரு பெரியம்மா, தன் உடம்புல இருக்கறது ஒரு அசிங்கம்னு நினைச்சுக்கிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கறாங்க. புகையிலை போடாதே, பீடி குடிக்காதேன்னு சத்தமாச் சொல்லுங்க, அது அறிவியல். ஆனா வியாதி வந்தவங்களைப் பாத்து "என்ன சாப்பிட்டீங்க, எப்படி வந்துச்சு"ன்னு குறுக்கு விசாரணை பண்றது அறிவியல் இல்ல. பெரியம்மா வெத்தலை பாக்குகூடப் போட்டதில்ல.

சரி, இப்ப ஏன் எழுதறேன்னா... அன்னிக்கு ஜாக்கெட்டுக் கறையைப் பாத்து அழுத அதே அக்காவுக்கு இப்ப 56 வயசு. பரிசோதனைக்குப் போன்னா போக மாட்டேங்குறா. பையனுக்கு வரன் பாக்குறாங்களாம். டெஸ்ட்டுக்குப் போனது ஊருக்குத் தெரிஞ்சா "அந்த வூட்டுல அது இருக்கு"ன்னு சொல்லி சம்பந்தம் போயிடுமாம். மார்புப் புற்றுல 100க்கு 5லேருந்து 10 பேருக்குத்தான் பரம்பரையா வருது, மத்தவங்களுக்கு வாழ்நாள்ல ஏதோ ஒரு செல்லுல நடந்த கோளாறு. ஆனா அம்மாவுக்கு இருந்திருந்தா பொண்ணு கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதையா இருக்கணும். எல்லாம் சொல்லிப் பாத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 30 வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு இலவசமாப் பாக்கறாங்க, அங்க போனா தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னா சிதம்பரம் போவோம், யாருக்கும் தெரியாதுன்னேன். "பாக்கலாம்டா"ன்னா. பதினாலு மாசம் பெரியம்மா சொன்னதும் இதேதான், மனசுக்குள்ள.

போன ஞாயித்துக்கிழமை ஆட்டுக்குட்டி கதையை முழுசா, இங்க எழுதின மாதிரியே சொன்னேன். ஐடஹோ, காட்டுச் செடி, எல்லாம். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்ப நம்ம ஆடு எதையாச்சும் தின்னுருக்குமாடா?"ன்னு கேட்டா. எதையாவது தின்னுருக்கலாம், இல்ல மரபணுவுலயே கோளாறா இருந்திருக்கலாம், ஆனா அம்மா ஒண்ணும் பண்ணலக்கான்னேன்.

வர்ற புதன்கிழமை சிதம்பரம் போறோம். காலையில முதல் பஸ்ஸு.

டிஸ்கி: அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் போடறேன். "பேரு மட்டும் போடாத, வரன் முடியட்டும்"ன்னா. போடல :-)